முக்கால் முறுக்கு

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

காலை ஆறு மணிப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தேன். வரிசையில் நிற்கும்போது நகக்கண்களைப் பார்த்துக்கொண்டேன். எவ்வளவு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கறுப்பு போவதில்லை. என் முறை வந்தபோது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டேன்.

தவக்காலத்துக்கு எதை விடுவது என்று இரண்டு நாளாக யோசனை. டீயை விட்டுவிட்டேன். கறி, மீன் வீட்டில் யாருக்கும் இல்லை. ஆல்வினுக்கு மட்டும் முட்டை உண்டு, பைக் பந்தயம் ஓட்டுகிற பிள்ளை. பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டபோது, இந்த நாற்பது நாளும் மோட்டாரைத் தொடாமல் இருந்தால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. நினைப்பு வந்ததுமே நெஞ்சு பக்கென்றது. டீ நமக்காகக் குடிப்பது, மோட்டார் பிள்ளைக்காகச் செய்வது, இரண்டும் ஒன்றாகுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பந்தயம் மார்ச் 17, ஞாயிறு. புதியவர்கள் பிரிவு. போன வருடம் இதே பிரிவில் ஆல்வின் மூன்றாவதாக வந்து கோப்பை வாங்கினான். முன்னால் போன இருவர் ஒருவர் மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் மூன்றாவது மூன்றாவதுதான்.

பிப்ரவரி 16, வெள்ளி

குக்கரில் பருப்பு வைத்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, இன்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் காற்று வழியைத் தேய்த்தேன். கம்பெனியில் வார்க்கும்போது உள்ளே சொரசொரவென்று விட்டுவிடுகிறார்கள். அந்த மேடு பள்ளத்தைச் சின்ன கிரைண்டரால் வழித்து, உப்புத்தாள் போட்டு, விரலை விட்டுப் பார்த்து, மறுபடியும் வழிக்க வேண்டும். காற்று தடையில்லாமல் போனால் இன்ஜினுக்குத் தெம்பு கூடும். மூன்று விசில் வந்தது தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இவருக்குச் சர்க்கரையில் கண் மங்க ஆரம்பித்தபோது, பட்டறையில் பொடி எழுத்து படிக்க என்னைக் கூப்பிடுவார். ஜெட்டில் என்ன நம்பர், ப்ளக் என்ன நிறம். படித்துச் சொல்லிச் சொல்லி, அது ஏன் அப்படி என்று கேட்க ஆரம்பித்தேன். இவருக்கு ஏன் என்பதில் அக்கறை கிடையாது. வந்த வண்டியை ஓட வைத்து அனுப்பினால் போதும். நான் அகராதியை வைத்துக்கொண்டு சர்வீஸ் புத்தகம் படித்தேன், போனில் வீடியோ பார்த்தேன். பத்தாவதோடு நின்றவள்தான். வெளியே எல்லாம் இவர் பேர்தான், இன்னாசி அண்ணன் வேலை என்று. அப்படியே இருக்கட்டும். பெண்பிள்ளைக்கு எதற்குப் பேர்.

எரியறை எத்தனை மில்லி கொள்கிறது என்று, ஆல்வின் குழந்தையாக இருந்தபோது டானிக் ஊற்றிய ஊசிக்குழாயில் மண்ணெண்ணெய் எடுத்து அளந்தேன். லேத்தில் கொடுத்து ஹெட்டை இன்னும் கொஞ்சம் வழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டைனோவுக்குப் போனோம். வண்டியை உருளை மேல் ஏற்றிக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கி, எத்தனை குதிரை என்று அளக்கும் மெஷின். போன தடவை பதினாலு. இன்று பதினேழு. திரையில் கோடு ஏறிப் போவதைப் பார்க்கும்போது என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூசையில் நன்மை வாங்கும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மெஷின்காரர் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்து 118-இல் நிறுத்தினார். கார்புரேட்டருக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் திருகு அது. நடுவில் ஓட்டை. அதன் வழியாகத்தான் பெட்ரோல் போகும். நம்பர் பெரிதானால் பெட்ரோல் கூட. சிறிதானால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் துள்ளும், ஆனால் சூடு ஏறும். "முழுசா முறுக்கி ஓட்டறதுக்கு இதுதானுங்க்கா சரி. ஹெட்ட வேற வழிச்சிருக்கீங்க. இதுக்குக் கீழ எறங்கிராதீங்க" என்றார். குறித்துக்கொண்டேன்.

ஆல்வின் மெஷின் பக்கமே வரவில்லை, வெளியே நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தான். பதினேழு என்று ஓடிப்போய்ச் சொன்னேன். "சரிம்மா" என்றான்.

பிப்ரவரி 25, தவக்காலம் இரண்டாம் ஞாயிறு

முதல் பயிற்சி. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டதால் இன்று காலையிலேயே டிராக்குக்குக் கிளம்பிவிட்டோம்.

ஆல்வின் இட்லி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லையாம், இரண்டு தரம் கழிவறைக்குப் போய் வந்தான். பதினைந்து சுற்று ஓட்டினான். போன வருட நேரத்தைவிட ஒரு விநாடிகூடக் குறையவில்லை. மூன்று குதிரை கூட்டிக் கொடுத்தும். "மேல போகப் போக இழுக்க மாட்டேங்குதும்மா. நீட்டு ரோட்டுல செத்துப் போகுது" என்றான்.

ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கரி. இன்ஜின் நன்றாக எரிந்தால் ப்ளக் காப்பி நிறத்தில் வரவேண்டும். கறுப்பாக வந்தால் பெட்ரோல் கூட என்று அர்த்தம். நன்றாகப் பிடித்து முறுக்காமல் அரைகுறையாக ஓட்டினாலும் கறுக்கும்; ஆனால் அவன் முறுக்கினேன் என்கிறான்.

டயரைத் துடைக்கும்போது கவனித்தேன். நடுவில்தான் தேய்ந்திருக்கிறது, ஓரமெல்லாம் ரப்பர் முடிகூட உதிராமல் புதிதாக இருக்கிறது. இன்னும் இரண்டு பந்தயத்துக்கு வரும். ஒரு செலவு மிச்சம்.

திரும்பி வரும்போது வேனில் இவர் மெதுவாகச் சொன்னார். "வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே சத்தம் எறங்குது ஜெசி. நான் கண்ண மூடிட்டுக் கேட்டேன்." எல்லா வண்டியும் வளைவில் சத்தம் இறங்கத்தானே செய்யும் என்றேன்.

பிப்ரவரி 27, செவ்வாய்

ஜெட் 115 போட்டேன். ப்ளக் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், மெஷின்காரர் டிராக்குக்கு வந்து பார்த்தாரா என்ன.

மார்ச் 1, வெள்ளி

சிலுவைப்பாதையில் ஒன்பதாவது ஸ்தலம் வரும்வரை நான் கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இயேசு மூன்றாம் முறை விழுகிறார் என்று எல்லோரும் முழங்காலிட்டபோது நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துப் பெண் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

மார்ச் 3, ஞாயிறு

மறுபடி கறுப்பு. மறுபடி அதே நேரம். பிரேக் கட்டை மட்டும் அதற்குள் பாதி தேய்ந்துவிட்டது. முன்வீல் பிரேக்கை இந்த அளவு பிடிப்பதற்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். ஆல்வின் கையுறையைக் கழற்றினான். உள்ளங்கை நனைந்திருந்தது. வெயில்தான், மார்ச் பிறந்ததும் கோயமுத்தூரில் இப்படி ஒரு வெயில்.

கிளம்பும்போது வேனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். இஞ்சி தட்டிச் சாறு கொடுத்தேன்.

மார்ச் 6, புதன்

இவருக்கும் எனக்கும் சண்டை. இருபத்தியொரு வருடத்தில் இவர் குரல் உயர்ந்து நான் கேட்டது குறைவு. அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து விசாரி என்கிறார். எதை விசாரிப்பது என்றேன். "நீதான் எல்லாம் படிப்பியே. டயரப் படிச்சே, ப்ளக்கப் படிச்சே. பையன் மூஞ்சியப் படிக்கறதுக்கு எந்தப் புஸ்தகம் வேணும்" என்றார்.

பட்டறை முன்னால் கஸ்டமர் ஒருவர் நின்றதால் நான் உள்ளே போய்விட்டேன். பூண்டு உரித்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

112.

மார்ச் 10, ஞாயிறு

இன்று முதல் தடவையாக நேரம் குறைந்தது. ஒன்றேகால் விநாடி. வண்டி வளைவிலிருந்து வெளியே வரும்போது சுண்டி விட்ட மாதிரி கிளம்புகிறது. சத்தமும் சுத்தம், தவில் அடித்த மாதிரி. டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்தும் பிட்டில் நின்றிருந்த மற்றப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாருங்க ட்யூன் பண்ணது என்று ஒருவன் இவரிடம் கேட்டான். இவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தது.

முழு முறுக்கை விட்டுவிட்டு, ஆல்வின் கை எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு இன்ஜினைக் கூர்மையாக்கிக் கொடுத்தால் இன்னும் ஒரு விநாடி கிடைக்கும். 110 இல்லை, 108 வரை போகலாம். அந்த அளவுக்கு மேல் அவன்

இதை இப்படி எழுதக் கூடாது. அடித்துவிட்டால் அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும்.

ப்ளக் இன்று லேசாகப் பழுப்பு.

மார்ச் 14, வியாழன்

108 போட்டாயிற்று. பின்கட்டில் வைத்து முறுக்கிப் பார்த்தபோது சுவரில் மாட்டியிருந்த சல்லடை அதிர்ந்து விழுந்தது. இவர் வாசலில் நின்று கேட்டார். என்ன ஜெட் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 16, சனி

மாலைப் பூசை முடிந்து ஃபாதரிடம் வண்டிச் சாவியை மந்திரிக்கக் கொடுத்தேன். "ஜெயிக்கணும்னா, பத்திரமா வரணும்னா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இரண்டும்தான் ஃபாதர் என்றேன். "ஒண்ணு கேளுங்கம்மா" என்றார். நான் சாவியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். அவரே தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்.

மார்ச் 17, ஞாயிறு

ஆல்வின் விழுந்துவிட்டான். வலது காரை எலும்பு. உயிருக்கு ஒன்றுமில்லை. மாதாவே.

மார்ச் 19, செவ்வாய்

இன்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். ஆறு வாரம் கட்டு. முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. இரவில் ஒரு பக்கமாகத்தான் படுக்க முடிகிறது.

எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்கிறேன். ஆறாவது இடத்தில் கிளம்பினான். மூன்றாவது சுற்றில் நாலாவது. நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது சுற்றில் நீட்டு ரோட்டில் அவன் வந்தபோது சத்தம் வேறாக இருந்தது. ஏறிக்கொண்டே போனது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. இரண்டு பேரை ஒரே வீச்சில் தாண்டினான். அப்புறம் ஒரு கிறீச். பின்வீல் சுற்றாமல் நின்று, வண்டி பக்கவாட்டில் படுத்து, அவன் புல் வரை சறுக்கிக்கொண்டு போனான்.

பந்தயத்துக்கு முன்னால் பிட்டில் அவனிடம் நான் ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

மார்ச் 20, புதன்

இவர் கட்டு மாற்ற ஆல்வினைக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் இன்ஜினைப் பிரித்தேன்.

பிஸ்டன் தலையில் ஒரு ஓரம் மெழுகுவர்த்தி மாதிரி உருகி வழிந்திருக்கிறது. பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை கீறல். பெட்ரோல் போதாமல், சூடு தாங்காமல், ஓட்டத்திலேயே பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்திருக்கிறது. அதனால்தான் பின்வீல் நின்றது. 118 கேட்ட இன்ஜினுக்கு 108 போட்டவள் நான்.

இந்த மாதிரி உருக வேண்டுமென்றால் முழுதாகத் திறந்து பிடித்திருக்க வேண்டும். முக்காலில் ஓட்டினால் ஒன்றும் ஆகியிருக்காது. மூன்று ஞாயிறும், அன்று காலைத் தகுதிச் சுற்றிலும் ஒன்றும் ஆகவில்லையே.

பிஸ்டனைப் பழைய பனியன் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். ஹெட்டைத் திரும்ப மூடி போல்ட் போட்டுவிட்டேன். செய்துவிட்டுக் கை கழுவும்போது, பெற்றவள் செய்கிற காரியமா இது என்று இருந்தது. ஆனாலும் போய் எடுக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

ரத்தினசாமி கடையில் பேசிக்கொள்கிறார்களாம். போத்தனூரில் பந்தயம் ஓட்டுகிற பையன்கள், மெக்கானிக்குகள் எல்லோரும் ஸ்பேர் வாங்க அங்கேதான் போவார்கள். வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும் சாயங்காலம் டீக்குக் கூடுவார்கள். ஆல்வின் பயந்துபோய் ஆக்சிலேட்டரைப் பட்டென்று விட்டு, பின் பிரேக்கை மிதித்துவிட்டானாம். அதனால்தான் வீல் பூட்டிக்கொண்டதாம். இன்ஜின் நன்றாகத்தானே இருக்கிறது, தூக்கி நிறுத்தியதும் கிக்கர் இறங்கியதே என்கிறார்களாம். ஆறினால் பிஸ்டன் விட்டுக்கொடுத்துவிடும், கிக்கர் இறங்கத்தான் செய்யும். அது அங்கே இருக்கிற யாருக்கும் தோன்றவில்லை.

ஜெயித்த பையன் ஆல்வின் விழுந்ததைச் செய்து காட்டினானாம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அம்மா என்று கத்திக்கொண்டு. அதை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆல்வின் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான்.

நான் கஞ்சி கொண்டுபோனபோது போனைக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான் விடலம்மா."

"தெரியும் கண்ணு."

"எப்படித் தெரியும்?"

"அம்மாவுக்குத் தெரியாதா?"

அவன் சிரித்தான். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்ட சிரிப்பு. டிரம்முக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

குருத்தோலை வாங்கி வந்தேன். பவனியில் இரண்டு பேர் ஆல்வினைப் பற்றி விசாரித்தார்கள். ஒருத்தி, "பாவம், பயந்த சுபாவம்னா எதுக்கு ஓட்ட விட்டீங்க" என்றாள். நான் ஓசன்னா பாடிக்கொண்டே நடந்தேன்.

மார்ச் 25, திங்கள்

அன்று சொன்னதை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் சமையல் செய்யும்போதெல்லாம் காதில் கேட்கிறது.

காலையில் தகுதிச் சுற்றில் ஆறாவதாக வந்தான். நான் அவ்வளவு நல்ல இன்ஜினைக் கொடுத்தும் ஆறாவது. பிட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் பையன்கள். நான் போய்க் கையை நீட்டினேன்.

"முக்காலுக்கு மேல முறுக்கினா கை கழண்டு விழுந்திருமா? ஹெல்மெட்டக் கழட்டி இங்க குடு. வளையல் வாங்கித் தரேன், போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் "ஜெசி" என்றார். ஆல்வின் என்னைப் பார்த்தான், கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கினான்.

வளையல் போட்ட கையால்தான் நான் அந்த இன்ஜினைச் செய்தேன் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மார்ச் 27, புனித புதன்

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபப்பட்டேன், கணவரை எதிர்த்துப் பேசினேன், பூசை நேரத்தில் கவனம் சிதறியது என்றேன். அப்புறம் மோட்டார் விஷயத்தையும் சொன்னேன். ஜெட் நம்பர் வரைக்கும் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஃபாதர், "இயந்திரம் கெட்டுப்போறது பாவமில்லம்மா. மகனுக்காகச் செபிங்க" என்று சொல்லி, பரிகாரமாக மூன்று அருள்நிறை மரியே செபம் கொடுத்தார்.

பெஞ்சில் முழங்காலிட்டு மூன்றையும் சொன்னேன். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. யாரிடம் சொன்னால் விலை தெரியுமோ அவர்களிடம் நான் சொல்லவில்லை.

மார்ச் 31, பாஸ்கா ஞாயிறு

பிரியாணி செய்தேன். ஆல்வின் கொஞ்சமாகச் சாப்பிட்டான். மத்தியானம் அவனுடைய ஹெல்மெட், சூட், கையுறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து விற்பனைக்குப் போட்டிருக்கிறான் என்று இவர் சொன்னார். "வேண்டாம்னா வேண்டாம். விக்கட்டும். ஆனா பயந்தாங்கொள்ளின்னு பேரோட விக்கறான் ஜெசி. அதுதான் எனக்கு ஆகல" என்றார்.

நான் டிரம்முக்குப் பின்னாலிருந்து துணி மூட்டையை எடுத்து இவர் மடியில் வைத்தேன். இவருக்குக் கிட்டத்தில் கண் தெரியாது. பிஸ்டனைக் கையில் எடுத்து, உருகிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். இரண்டு தரம் தடவினார். "என்ன போட்டே?" என்றார். சொன்னேன். பிஸ்டனைத் துணியில் சுற்றித் திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போனார்.

ஏப்ரல் 2, செவ்வாய்

சாயங்காலம் ரத்தினசாமி கடைக்குப் போனேன். இவர் கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், இவர் வந்தால் இவர் வேலை என்றுதான் ஆகும்.

ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜெயித்த பையனும் இருந்தான். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. "வாங்க்கா. தம்பிக்கு எப்படி இருக்குது?" என்றார் ரத்தினசாமி. நான் கண்ணாடி மேஜை மேல் பிஸ்டனை வைத்தேன்.

அவர் எடுத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் திருப்பினார். "கடைசி வரைக்கும் தொறந்து புடிச்சிருக்கறான்" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி.

"ஆமா. அவன் விடல. பிரேக்கும் மிதிக்கல. இன்ஜின்தான் புடிச்சிருச்சு" என்றேன்.

"ஜெட் என்னங்க்கா?"

"நூத்தியெட்டு."

"அண்ணனா போட்டாரு?"

"நான் போட்டேன். ஹெட்டு செஞ்சதும் நான்தான். போன ரெண்டு வருஷமா எல்லாம் நான்தான்."

ரத்தினசாமி பிஸ்டனைக் கீழே வைத்தார். "இந்த இன்ஜினுக்கு நூத்தியெட்டா? எதுக்குங்க்கா அவ்வளவு கீழ போனீங்க?"

அவர் விவரம் தெரிந்தவர். ப்ளக் கறுப்பாக வந்தது என்று நான் சொன்னால், ஏன் கறுத்தது என்று அவருக்கே தெரிந்துவிடும். மூன்று ஞாயிறும் அவன் முழுதாகத் திறக்கவே இல்லை என்பதும் அதோடு வெளியே வரும். அவனுக்குக் கொடுக்க வந்த பேரை நானே திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஆகும்.

"தெரியாமப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் மற்றவர்களுக்கு அது போதுமாக இருந்தது. பின்னால் ஒருவன், "சாம்பாருக்குப் புளி கொறைக்கறாப்ல கொறைச்சுட்டாங்களாட்ட இருக்குது" என்றான். சிரித்தார்கள். ஒரு மெக்கானிக், தன் ஹெட்டை இன்னாசி அண்ணனிடம் கொடுத்திருப்பதாகவும் நாளைக்கே வந்து திருப்பி வாங்கிக்கொள்வதாகவும் என் காது படச் சொன்னான். நேற்றுத்தான் அதை மண்ணெண்ணெயில் கழுவி வைத்தேன். நல்ல ஹெட்.

ஜெயித்த பையன் மட்டும் சிரிக்கவில்லை. பிஸ்டனை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்ப எங்களத் தாண்டினது நெசமாவே ஃபுல்லா?" என்றான். ஃபுல்தான் என்றேன். அந்த வீடியோவை எடுத்துவிடுகிறேன் ஆன்ட்டி என்றான்.

வரும் வழியில் கோயில் திறந்திருந்தது, உள்ளே போகவில்லை.

ஏப்ரல் 3, புதன்

காலையிலேயே மெக்கானிக் வந்து ஹெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டான். மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு ஆச்சு என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

மத்தியானம் ஆல்வின் சமையல்கட்டுக்கு வந்து உட்கார்ந்தான். விழுந்ததிலிருந்து அவன் சாப்பாடு கட்டிலில்தான்; இன்றுதான் எழுந்து வந்திருக்கிறான். கடையில் நடந்ததை யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். சோறு போட்டேன். இடது கையால் ஸ்பூனைப் பிடித்துப் பிசைந்துகொண்டே பேசினான்.

"தெரியாமப் போட்டேன்னு சொன்னியாமே."

"ம்."

"அன்னிக்குப் பிட்டுல முக்கால்னு சொன்னே. நான் எவ்வளவு முறுக்கறேன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. எப்பலேந்து?"

அப்பாவிடம் கேள் என்று சொல்லலாம். அவர் காதால் கண்டுபிடித்தார் என்று சொல்லலாம். "முதல் ப்ளக்குலேயே" என்றேன்.

அவன் தலையாட்டினான். ஒரு வாய் சாப்பிட்டான். இரண்டாவது வாய்க்கு ஸ்பூனை எடுத்தவன் அப்படியே வைத்துவிட்டான்.

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா. போன வருஷம் அவங்க ரெண்டு பேரும் என் முன்னாலதான் விழுந்தாங்க. ஒருத்தன் தலைய ஒட்டி என் வீல் போச்சு. ஒரு சாண். அன்னியிலேந்தே."

அன்று நான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றது நினைவு வந்தது. அவனைப் பக்கத்தில் இழுத்து, சிரிடா என்று சொன்னேன்.

"நான் அதச் சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?"

ரசம் ஊற்றப்போன கை அப்படியே நின்றது. நிறுத்தியிருப்பேன் கண்ணு என்று வாய் வரை வந்துவிட்டது. பெற்றவள் எவளும் சொல்கிற பதில். அவனும் அதற்காகத்தான் கேட்டிருப்பான். ஆனால் டைனோ திரையில் ஏறிய அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பார்த்தபோது என் பக்கத்தில் அவன் இல்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"இல்ல கண்ணு" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் ரசத்துக்குத் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினான். ஊற்றினேன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தான். தட்டை எடுக்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. ஒற்றைக் கையால் தானே எடுத்துப் போய், குழாயடியில் வைத்துக் கழுவிக் கவிழ்த்தான்.